காசநோயும் ஓரெழுத்து விகாரமும்

பகையையும் கடனையும் நோயையும் எஞ்சவிடலாகாது என்பது நம்மவர் வழக்கிலுள்ள முதுமொழி. எஞ்சிய பகை காலம் பார்த்து எழும். எஞ்சிய கடன் வட்டியோடு வளரும். எஞ்சிய நோயோ முன்னையினும் வலிமை பெற்று மீளும். இம்மூன்றனுள் இறுதியிற் கூறியது காசநோயைப் பொறுத்தவரை எழுத்துக்கு எழுத்து உண்மையாகும். அதனை விளக்கி, தலைநகரில் வாழும் தமிழ் மக்கள் இது தொடர்பாகச் செய்யவேண்டுவது யாது என்று கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழா மலரில் நோயைப் பற்றி எழுதுவது மங்கலமன்று எனச் சிலர் கருதக்கூடும். ஆயின், இம்மலரைக் கையில் எடுக்கும் பழைய மாணவருள் மருத்துவர் உளர், வணிகர் உளர், அலுவலகத் தலைவர் உளர், ஆசிரியர் உளர், எல்லோருமே ஒரு குடும்பத்துக்குப் பொறுப்பானவர்கள். ஊருக்கு ஒன்று சொல்லவேண்டுமாயின் இவர்களிடத்துச் சொல்வதே முறை. இலங்கையில் அண்மைக் காலத்திற் பெரும்பாலான ஆண்டுகளில் ஏறத்தாழ 8,000 முதல் 9,000 பேர் வரை காசநோயாளராகக் கண்டறியப்பட்டு வந்துள்ளனர். மாவட்ட வாரியாக நோக்கின் கொழும்பே முன்னணியில் நிற்கின்றது. ஆகவே இது பிறர் வீட்டுச் செய்தியன்று.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று வினவுவார்க்கு ஒரு சொல்லை விடையாகத் தருவோம். அச்சொல் விகாரம் என்பது. சொற்கள் புணரும்போது நேரும் விகாரம் மூன்று என நம் மாணவர் இலக்கண வகுப்பிற் கற்கின்றனர். வாழை என்பதோடு பழம் சேர, இடையில் ஓர் ஒற்றுத் தோன்றி வாழைப்பழம் ஆகின்றது, இது தோன்றல். பல் என்பதோடு பொடி சேர, லகர ஒற்று றகர ஒற்றாய் மாறிப் பற்பொடி ஆகின்றது, இது திரிதல். மரம் என்பதோடு வேர் சேர, மகர ஒற்று மறைந்து மரவேர் ஆகின்றது, இது கெடுதல். மணியடித்ததும் அதே மாணவர் உயிரியல் வகுப்புக்குச் சென்று பாடநூலைத் திறப்பின், அங்கும் விகாரம் என்ற சொல்லையே காண்பர். உயிரின் பரம்பரையலகில் நேரும் மாற்றத்துக்கு நம் நாட்டுக் கலைச்சொல்லாக்கியோர் அப்பெயரையே இட்டுள்ளனர். அது பெயரளவிலான ஒற்றுமையன்று. அங்கும் எழுத்துத் தோன்றலும் திரிதலும் கெடுதலுமே நிகழ்கின்றன.

காசக் கிருமியை 1882 ஆம் ஆண்டு மார்ச்சு 24 ஆம் நாள் பேர்லின் நகரில் றொபேட் கொக் என்னும் அறிஞர் உலகுக்கு அறிவித்தார். அக்கிருமியின் பரம்பரைச் செய்தி முழுவதும் 1998 ஆம் ஆண்டிற் படித்து முடிக்கப்பட்டது. அஃது ஏறத்தாழ 44 இலட்சம் எழுத்துகளால் ஆன ஒரு நூல். அதில் ஏறத்தாழ 4,000 பரம்பரையலகுகள் உள்ளன. எழுத்து வகையோ நான்குதான்: ஏ, சி, ஜி, டி. மும்மூன்று எழுத்துச் சேர்ந்தது ஒரு சொல். ஒவ்வொரு சொல்லும் புரதத்தை ஆக்கும் அமினோ அமிலம் ஒன்றைக் குறிக்கும். கிருமி இரண்டாகப் பிரியும்தோறும் இந்நூல் முழுவதும் படியெடுக்கப்படுகின்றது. ஏடெழுதுவோன் எத்துணைக் கருத்துடன் எழுதினும் எப்போதோ ஓரிடத்தில் ஓரெழுத்துப் பிழைபடுதல் போல, இங்கும் அரிதாகப் பிழை நேர்கின்றது.

அத்தகைய பிழைகளுட் பெரும்பாலானவை கிருமிக்குக் கேடாகவோ பயனற்றனவாகவோ முடியும். ஆயினும் ஒரு சில, மருந்தினின்றும் அதனைக் காக்கும் கவசமாகிவிடுகின்றன. காசநோய் மருந்துகளுள் தலையாயவை இரண்டு: ஐசோனியசிட், றிபம்பிசின். றிபம்பிசின் என்பது, கிருமி தன் பரம்பரைச் செய்தியைப் படித்துப் புரதம் செய்தற்குக் கருவியாகவுள்ள நொதியமொன்றிற் சென்று ஒட்டி அதன் தொழிலை நிறுத்துவது. அந்நொதியத்துக்குரிய பரம்பரையலகில் 450 ஆம் சொல் டி-சி-ஜி என்பது. அது செரீன் என்னும் அமினோ அமிலத்தைக் குறிக்கும். நடுவெழுத்துத் திரிந்து டி-டி-ஜி ஆகுமாயின் அங்கு லியூசின் என்பது வந்து அமர்ந்துவிடும். மருந்து ஒட்டவேண்டிய இடத்தின் வடிவம் மாறிவிடுகின்றது. மருந்து பயனற்றுப் போகின்றது. நாற்பத்துநான்கு இலட்சத்தில் ஓரெழுத்தின் திரிபு இது.

ஐசோனியசிட்டின் கதை இன்னும் வியப்புக்குரியது. அம்மருந்து உட்செல்லும்போது கூரற்ற வாள் போன்றது. கிருமியின் நொதியம் ஒன்றே அதனைத் தீட்டிக் கூராக்குகின்றது. தீட்டிய வாள் தீட்டியவனையே வெட்டுகின்றது. அந்நொதியத்தின் 315 ஆம் சொல்லில் ஏ-ஜி-சி என்பது ஏ-சி-சி எனத் திரியுமாயின், நொதியம் தன் பிற பணிகளை ஓரளவு செய்துகொண்டே, வாளைத் தீட்டும் பணியை மட்டும் கைவிட்டுவிடும். சிலவேளைகளில் அப்பரம்பரையலகு முழுவதுமே கெட்டொழிவதும் உண்டு. அதுவும் எதிர்ப்பைத் தரும். இவ்விரு மருந்துக்கும் அடங்காத கிருமியையே பன்மருந்து எதிர்ப்புக் காசம் என்று மருத்துவர் அழைக்கின்றனர்.

ஈண்டு ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். மருந்து நெடுநாள் உண்டால் உடம்புக்குப் பழகிவிடும், பின்னர் வேலை செய்யாது என்று நம்மவர் பலர் கூறுவர். அக்கூற்றை நம்பியே மருந்தை இடையில் நிறுத்துவோரும் உளர். காசநோயில் உண்மை நேர்மாறானது. உடம்பு பழகுவதில்லை, கிருமியும் மருந்தைக் கண்டு பயின்று மாறுவதில்லை. மருந்து வருமுன்னரே விகாரம் நேர்ந்திருக்கும். மருந்து செய்வது, விகாரமுறாதவற்றைக் கொன்று விகாரமுற்றதற்கு இடம் ஒழித்துக் கொடுத்தலேயாகும். களை பிடுங்குவோன் நெல்லைப் பிடுங்கிக் களையை விட்டுவைத்தால் வயல் என்னாகுமோ அதுவே ஒரு மருந்தை மட்டும் தனித்து உண்பவன் நுரையீரலில் நிகழும்.

இதனை உலகம் இழப்பின் மூலமே கற்றது. ஸ்ரெப்ரோமைசின் என்னும் முதல் மருந்து 1943 ஆம் ஆண்டு அமெரிக்காவிற் கண்டுபிடிக்கப்பட்டது. அதனைப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆராய்ந்து 1948 இல் முடிவை வெளியிட்டது. மருந்தோடு ஓய்வும் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துள் இறந்தவர் 4 பேர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர் 14 பேர். பெருவெற்றி என்றே எவரும் கருதுவர். ஆனால் மருந்துண்டோர் பலரின் சளியில் அம்மருந்துக்கு அடங்காத கிருமி சில மாதங்களுள் மலிந்துவிட்டது; ஆண்டுகள் செல்ல, மருந்துண்டோருக்கும் உண்ணாதோருக்கும் இடையே இருந்த வேறுபாடு பெரிதும் சுருங்கிப்போயிற்று.

பின்னர் இரண்டு, மூன்று மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் முறை வந்தது. அதன் காரணம் எளிய கணக்கே. ஐசோனியசிட்டுக்கு அடங்காத கிருமி ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒன்று. றிபம்பிசினுக்கு அடங்காதது ஏறத்தாழப் பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலிற் குழிவிழுந்த நோயாளி ஒருவரிடம் பத்துக் கோடி கிருமி இருத்தல் கூடும். ஆகவே மருந்து தொடுமுன்னரே ஒவ்வொன்றுக்கும் அடங்காத கிருமி அவரிடம் உண்டு. இரண்டுக்கும் ஒருங்கே அடங்காத கிருமியோ கோடியைக் கோடியாற் பெருக்கிய தொகையில் ஒன்றே. அத்துணைக் கிருமி எவர் உடலிலும் இல்லை. மருந்துகளைக் கூட்டாகவும் முறையாகவும் குறித்த காலம் முழுவதும் உண்டால் விகாரம் தப்பமுடியாது என்பது இதனாற் போதரும். ஒன்றை உண்டு ஒன்றை விட்டாலும், இருமாதம் உண்டு நாலுமாதம் விட்டாலும் அக்கணக்குப் பிழைத்துவிடும்.

இக்கல்வியில் தமிழகத்துக்கும் பெரும்பங்கு உண்டு. 1956 ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. மருந்தை முறையாக உண்ணும் ஏழை நோயாளி, நெருக்கமான தன் வீட்டிலிருந்தே, சானடோரியத்தில் இருப்பவனைப் போலக் குணமடையலாம் என்றும், அதனால் வீட்டாருக்கு மிகையான தீங்கு நேர்வதில்லை என்றும் அந்நிலையம் 1959 இல் உலகுக்கு அறிவித்தது. இன்று நாடெங்கும் நோயாளர் வீட்டிலிருந்தே மருந்துண்பதற்கு அவ்வாராய்ச்சி அடிகோலிற்று.

நிற்க. இவ்வாறு மருந்துக்கும் விகாரத்துக்கும் இடையே நடந்துவந்த போரில் 1980 ஆம் ஆண்டுகளில் மூன்றாவதொன்று வந்து புகுந்தது. அதுவே எச்.ஐ.வி. என்னும் வைரசு. 1986 இல் சென்னையில் டொக்டர் சுனிதி சொலமனும் அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் அவ்வைரசு உண்டென்பதை முதன்முதல் வெளிப்படுத்தினர். அதற்கடுத்த 1987 இல் இலங்கையர் ஒருவரிடத்தும் அது கண்டறியப்பட்டது. டொக்டர் சவரிமுத்து என்பார் 1928 இல் தாம்பரத்தில் நிறுவிய காசநோய்ச் சானடோரியம், 1990 ஆம் ஆண்டுகளில் எச்.ஐ.வி. நோயாளரும் பெருந்தொகையாக வந்தடையும் மருத்துவமனையாயிற்று. இருநோயும் ஒரு வாயிலில் வந்து நின்றதற்குக் காரணம் உண்டு.

உலக மக்களுள் ஏறத்தாழ நாலில் ஒருவர் உடலிற் காசக் கிருமி புகுந்துள்ளது. ஆயினும் அவருட் பெரும்பாலோர் நோயுறுவதில்லை. நோய் தடுக்கும் ஆற்றலாகிய நிர்ப்பீடனம் அக்கிருமியைச் சிறைவைத்துக் காக்கின்றது. சிறை உடைந்து நோயாவது வாழ்நாள் முழுவதிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரிடத்தேதான். எச்.ஐ.வி. செய்வது அச்சிறைக் காவலரைக் கொல்லுதல். சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. நோயாளரிடத்து, மற்றவர்க்கு வாழ்நாள் முழுவதிலும் உள்ள அபாயம் ஓராண்டிலேயே வந்துவிடக்கூடும்.

எச்.ஐ.வி.தான் காசக் கிருமியை விகாரப்படுத்துகின்றது என்று எண்ணுவோர் உளர். அவ்வாறன்று. எழுத்துப் பிழை நேரும் விரைவை அது கூட்டுவதாகத் தெரியவில்லை. ஆனால் பிழைபட்ட கிருமி பிழைத்து வாழ அது வழி திறந்துவிடுகின்றது. நலமுள்ளவர் உடலில் மருந்து தவறவிட்ட கிருமியை நிர்ப்பீடனம் அழிக்கும். இவரிடத்து அத்துணை இல்லை. சிலருக்கு உண்ட மருந்து குடலில் நன்கு உறிஞ்சப்படுவதுமில்லை. அன்றியும், றிபம்பிசின் எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றின் ஆற்றலைக் குறைக்கும்; ஆதலின் இரண்டையும் அறிந்து இணைத்துக் கொடுக்கும் மருத்துவர் வேண்டும்.

சென்னை நிலையமே இதனையும் ஆராய்ந்தது. எச்.ஐ.வி. உள்ள காசநோயாளருக்குக் கிழமையில் மூன்று நாள் மருந்து கொடுக்கும் அக்கால முறையைப் பின்பற்றியபோது, குணமடையாதோருட் சிலரிடம் றிபம்பிசினுக்கு அடங்காத கிருமி புதிதாகத் தோன்றியமை காணப்பட்டது. பின்னர் நாள்தோறும் கொடுக்கும் முறையையும் இடைவிட்டுக் கொடுக்கும் முறையையும் ஒப்பிட்டனர். 2018 இல் வெளியான முடிவின்படி நாள்தோறும் உண்பதே சிறந்தது. இந்தியாவும் நாள்தோறும் மருந்து கொடுக்கும் முறைக்கு மாறிவிட்டது. இடைவெளி என்பது கிருமிக்குக் கிடைக்கும் ஓய்வு நாள் என்னும் உண்மை இதனால் வலியுறும்.

இனி, இம்மூன்றும் ஒருங்கே கூடினால் விளைவது யாது என்பதை அறியத் தென்னாபிரிக்காவுக்குச் செல்வோம். 1860 ஆம் ஆண்டு சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத் தொழிலாளரை ஏற்றிய முதற்கப்பல் டேர்பன் துறையை அடைந்தது முதல் தமிழர் வாழும் மாகாணம் நேட்டால். இன்று அதன் பெயர் குவாசூலு-நேட்டால். அங்கே சூலு மக்கள் வாழும் துகேலா ஃபெரி என்னும் நாட்டுப்புற ஊரில் ஒரு மருத்துவமனை உண்டு. 2005 இலும் 2006 இன் தொடக்கத்திலும் அங்கு வந்த நோயாளருள் 53 பேரிடம் முதன்மையான மருந்துகளுக்கும் அவற்றுக்கு மாற்றாக வைத்திருந்த மருந்துகளுக்கும் அடங்காத காசம் காணப்பட்டது. அவருள் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்பட்டோர் 44 பேர். நாற்பத்துநால்வரிடமும் அவ்வைரசு இருந்தது. 53 பேரில் 52 பேர் மாண்டனர். பரிசோதனைக்குச் சளி எடுத்த நாளிலிருந்து பதினாறு நாட்களுள் அவருட் பாதிப்பேரின் வாழ்வு முடிந்துவிட்டது. மருத்துவமனைப் பணியாளரும் இறந்தோருள் இருந்தனர்.

இவர்கள் மருந்தைச் சரியாக உண்ணாமையால் வந்த வினை என்று கூறிவிடலாமோ? அங்ஙனம் கூறுதல் அறமாகாது. அவருட் பாதிக்கு மேற்பட்டோர் அதற்கு முன்னர்க் காசநோய் மருந்தை நாவில் தீண்டியும் அறியாதவர். பிறர் எவரோ எப்போதோ எஞ்சவிட்ட கிருமி, விகாரம் முற்றிய வடிவில், மூச்சுக்காற்றின் வழியே அவர்களை வந்தடைந்தது. ஒருவர் செய்த தவறு வேறொருவர் வீட்டிற் பிணமாக விழுந்தது.

இதனினும் சிந்திக்கவேண்டிய செய்தி பின்னரே வெளிவந்தது. அம்மாகாணத்துக் காசக் கிருமிகள் 337 இன் பரம்பரைச் செய்திகளை முழுமையாகப் படித்து, ஏட்டுப் பிரதிகளின் பாடபேதங்களைக் கொண்டு மூல ஏட்டின் காலத்தைக் கணிப்பார் போல, விகாரம் ஒவ்வொன்றும் தோன்றிய காலத்தை அறிஞர் கணித்தனர். 2015 இல் வெளியான அவ்வாராய்ச்சியின்படி, அக்கொடிய கிருமியின் மரபில் ஐசோனியசிட்டுக்கு எதிரான விகாரம் தோன்றியது ஏறத்தாழ 1957 ஆம் ஆண்டளவில்; பன்மருந்து எதிர்ப்பு 1980 ஆம் ஆண்டுகளில்; மிகை எதிர்ப்பு 1990 ஆம் ஆண்டுகளின் நடுவில். இவை கணிப்புகளேயாதலின் சில ஆண்டுகள் முன்பின்னாகலாம். எனினும் வரிசை தெளிவு. ஐசோனியசிட் மருந்தாகப் பயன்படத் தொடங்கியதே 1952 இல். எச்.ஐ.வி. அங்குப் பெருகுமுன்னரே கவசத்தின் முதற் கண்ணிகள் கோக்கப்பட்டுவிட்டன. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு சிறுகச் சிறுக எஞ்சவிட்ட நோய், நிர்ப்பீடனம் இழந்த மக்களைக் கண்டதும் ஓராண்டிலேயே உலகறியக் கொன்றது. எச்.ஐ.வி. தீயை மூட்டவில்லை, நெடுங்காலம் குவித்துவைத்த விறகின்மேல் வீசிய காற்றாயிற்று.

இந்நிகழ்ச்சியை இத்துணை விரித்தமைக்குக் காரணம், நம் நாட்டில் இன்று எச்.ஐ.வி. மிகக் குறைவு என்பதேயாம். தாயிலிருந்து சேய்க்கு அவ்வைரசு தொற்றுவதை ஒழித்தமைக்காக 2019 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றையும் இலங்கை பெற்றது. பன்மருந்து எதிர்ப்புக் காசமும் இங்கு மிகச் சிலரிடத்தே காணப்படுகின்றது. இவை நாம் மகிழத்தக்கன. ஆனால், ஆகவே நமக்கு அச்சமில்லை என்று முடிப்பார் நேட்டாலின் பாடத்தைப் படியாதவராவர். 1957 இல் நேட்டாலிலும் எவரும் அஞ்சவில்லை. குறைவாய் இருக்கும் காலமே காவலுக்குரிய காலம் என்பது நம் கருத்து. வெள்ளம் வந்தபின் எவரும் வரம்பு கட்டுவதில்லை.

கொழும்பில் நம் வரம்பு எங்கே தளர்ந்துள்ளது என்று நோக்குவோம். கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிலும் செட்டியார் தெருவை அடுத்த மாடிகளிலும், சாளரமில்லாத அறையொன்றில் பலர் பாய்விரித்து உறங்குவதை நாம் அறிவோம். மலையகத்திலிருந்தும் வடக்கு, கிழக்கிலிருந்தும் வந்து கடைகளிற் பணிபுரியும் இளைஞர் அவர். காற்றும் ஒளியும் புகாத அறை காசக் கிருமிக்கு உவப்பான இடம். வெள்ளவத்தையின் தொடர்மாடி மனைகளில் இடவசதி ஓரளவு உண்டு; ஆயின் அங்கு வேறொரு நெருக்கடி. அது மானம் என்னும் நெருக்கடி. வீட்டில் ஒருவருக்குச் சயரோகம் என்ற செய்தி மின்தூக்கியில் ஏறி எல்லா மாடிக்கும் சென்றுவிடுமோ, பெண்ணின் சம்பந்தம் குழம்பிவிடுமோ என்ற அச்சம். அவ்வச்சத்தால், இலவசமாகச் சளியைப் பரிசோதித்து மருந்தும் தரும் அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்லாமல், இருமல் மருந்து வாங்கி மாதங்களைக் கழிப்போர் உளர். காசநோயாளருக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யப்படுகின்றது என்று அறிந்து, அதற்கு அஞ்சியே ஒதுங்குவோரும் உளர்.

நாம் கற்பித்த மாணவன் ஒருவனின் தந்தையார் கொட்டாஞ்சேனையிற் கடையொன்றிற் கணக்கெழுதுபவர். காசநோய் என்று கண்டு மருந்து தொடங்கினர். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, உடல் தேறிற்று. சிகிச்சை நிலையத்துக்குச் செல்லும் காலை வேளைகளிற் கடைக்குப் பிந்துவதை முதலாளி பொறுக்கவில்லை. காரணத்தைச் சொல்ல இவருக்கு மனமில்லை. மருந்தை நிறுத்தினார். அடுத்த ஆண்டு மீண்டும் இருமலும் சளியிற் குருதியும் கண்டன. அக்காலத்தில் அதே அறையில் மகனும் உறங்கினான். நற்பேறாகக் கிருமி மருந்துக்கு அடங்குவதாகவே இருந்தது, முறையாக உண்டு குணமடைந்தார், மகனும் தப்பினான். இங்கே குற்றவாளியைத் தேடுவது எம் நோக்கமன்று. இரண்டாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் நோயாளி எத்துணைத் தனியனாக விடப்படுகின்றான் என்பதையே காட்ட விரும்புகின்றோம். இருமல் நின்றபின் எஞ்சும் சில கிருமிகளுக்காகவே பிந்திய நான்கு மாதமும் மருந்து. அந்நாலு மாதத்திலேயே நம் சமூகமும் அவனுக்குத் துணை நிற்கவேண்டும்.

நோயாளியின் மறைவைக் காத்தல் வேண்டாமோ என்று ஒருவர் வினவலாம். கட்டாயம் வேண்டும். எவருக்கு எந்நோய் என்பதை அயலார் அறியவேண்டியதில்லை, எச்.ஐ.வி. திறத்தில் இது மிகமிக இன்றியமையாதது. அப்பெயரைத் தூற்றுவதால் விளையும் ஒரே பயன், மற்றவர் பரிசோதனைக்கு வாராமையே. அவ்வைரசு உள்ளவரும் அதற்குரிய மருந்தை ஒழுங்காக உண்டால் நிர்ப்பீடனம் மீளும். காசநோய் வரும் அபாயமும் பெரிதும் குறையும். நெடுநாள் நலத்தோடு வாழலாம். ஆனால் அயலாரிடம் மறைப்பது வேறு, மருத்துவரிடம் மறைப்பது வேறு. முன்னது உரிமை; பின்னது தனக்கும் தன் குழந்தைகளுக்கும் செய்யும் தீங்கு. நம்மவர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு இடர்ப்படுகின்றனர். அயலார் தூற்றாதிருப்பின் மருத்துவரிடம் மறைக்கும் தேவையும் எழாது. ஆதலின் சீர்திருத்தம் நோயாளியிடத்தினும் அயலாரிடத்தே முந்தித் தொடங்கவேண்டும்.

அதற்கென நாம் வேண்டுவன பெரிய காரியங்கள் அல்ல. வணிகராயுள்ள பழைய மாணவர், தம் ஊழியன் சிகிச்சை நிலையத்துக்குச் செல்லும் நேரத்தைச் சம்பளம் பிடியாது கொடுக்கட்டும். ஆறு மாதமும் அவன் வேலை நிலைத்திருக்கும் என உறுதி கூறட்டும். மருந்துக்கு அடங்கும் காசமாயின், முறையாக மருந்துண்ணத் தொடங்கி ஏறத்தாழ இரு வாரத்தில் அது பிறர்க்குத் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடும் என்பதையும் அவர்கள் அறியட்டும். ஊழியர் உறங்கும் அறைக்கு ஒரு சாளரம் வைத்துக் கொடுப்போர் மருத்துவமனை கட்டியோரின் புண்ணியத்திற் பங்கு பெறுவர். மருத்துவராயுள்ளோர், இரு கிழமைக்கு மேல் இருமுபவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பாமல் மருந்துச்சீட்டு எழுதாதிருக்கட்டும். றிபம்பிசினுக்கு எதிரான விகாரத்தை இரண்டு மணி நேரத்துள் காட்டும் கருவி இன்று உண்டு. 2010 முதல் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பயன்படுத்துமாறு கூறிவருகின்றது. பன்மருந்து எதிர்ப்புக் காசத்துக்கும் ஆறு மாதத்தில் முடியும் புதிய சிகிச்சை முறையை 2022 இல் அந்நிறுவனம் பரிந்துரைத்தது. எனவே எதிர்ப்புக் கிருமி கண்டது என்றாலும் நம்பிக்கை இழக்கவேண்டுவதில்லை. ஆயின், அப்புதிய மருந்துகளுக்கும் விகாரம் காத்திருக்கின்றது. அவற்றையும் நாம் வீணாக்கிவிடலாகாது.

குடும்பத் தலைவர்க்கும் தலைவியர்க்கும் ஒன்று கூறுவோம். சம்பந்தம் பேசும்போது, ஒருகாலத்தில் காசநோய் வந்து முழுதும் குணமடைந்த ஒருவரை அக்காரணத்துக்காக விலக்காதிருங்கள். காசம் பரம்பரை நோயன்று, பாவத்தின் பயனுமன்று, காற்றில் வந்த கிருமி மருந்தாற் போயிற்று, அவ்வளவே. ஆறு மாதமும் நாள் தவறாது மருந்துண்டு முடித்த ஒருவர் தம் வீட்டையும் ஊரையும் காத்தவராவர். அவரை இழித்துப் பேசுதல் நன்றி மறத்தலாகும்.

ஆசிரியராகிய எமக்கும் பங்கு உண்டு. விகாரம் மூன்று என்று இலக்கண வகுப்பில் எழுதிப்போடும்போது, அச்சொல் உயிரியலிலும் வழங்குவதை ஒரு வாக்கியத்தாற் சுட்டுவோமாயின், மாணவன் இரண்டையும் மறவான். வீட்டிற் பாட்டனார் மருந்தைப் பாதியில் நிறுத்த முற்படும்போது, வேண்டாம் தாத்தா என்று தடுக்கும் அறிவு அவனிடத்து இருக்கும். மொழிக் கல்விக்கும் வாழ்வுக்கும் தொடர்பில்லை என்பார்க்கு அதனினும் நல்ல விடை வேறில்லை.

ஓரெழுத்துத் திரிந்தாற் பொருள் திரிதலைத் தமிழ் கற்றார் நன்கு அறிவர். ஓரெழுத்துத் திரிந்தால் உயிர்கள் மாயும் என்பதையும் இன்று அறிகின்றோம். எழுத்துத் திரிவதைத் தடுத்தல் எவராலும் ஆகாது, அஃது இயற்கை. திரிந்தது பெருகாமற் காத்தல் நம் கையில் உள்ளது. கொழும்பு மாநகரில் நோய் அடங்கியிருக்கும் இக்காலத்திலேயே, எஞ்சவிடாது தீர்ப்போம் என்னும் உறுதியை நம் கல்லூரியின் பழைய மாணவர் அனைவரும் மேற்கொள்வாராக. கல்லூரி வாழ்க, அதன் மக்கள் நோயற்று வாழ்க.